நகரும் பஸ், நிற்கும் கால்

கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டுக்குப் போய்வந்த அம்மா, வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட இறங்க எழும்பினார். பஸ் முழுதாக நிற்கவில்லை. வேகம் குறைந்தது, அவ்வளவுதான். "பஹின்ன, பஹின்ன" (இறங்குங்கோ) என்று நடத்துநர் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். ஒரு கையில் பை, மறு கையில் கம்பி. ஒரு கால் வீதியில் பட்டது. மற்றக் கால் படியில் இருக்கும்போதே "ஹரி, யமு" (சரி, போவோம்) என்ற குரல் எழுந்தது; பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். கையூன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. "பிடித்து இறங்கத் தெரியாதா?" என்று நடத்துநர் கேட்க, சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். அதைவிட எனக்கு வலித்தது அம்மா சொன்னதுதான்: "என்ர பிழைதான் பிள்ளை."

அம்மாவின் பிழை இல்லை. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் நாம் எல்லோரும் சடத்துவம் என்று படித்தோமே, அதுதான் இங்கே நடந்தது. நியூட்டன் 1687இல் எழுதிய முதலாம் விதியின்படி, வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றும்வரை, ஓடும் பொருள் ஓடிக்கொண்டேயிருக்கும். பஸ்ஸில் இருப்பவரின் உடலும் பஸ்ஸின் வேகத்தில்தான் போகிறது. வீதியில் வைத்த காலை உராய்வு பிடித்து நிறுத்துகிறது. இடுப்புக்கு மேலே நிறுத்த ஒன்றும் இல்லை. மணிக்கு 5 கிலோமீற்றர், அதாவது நடக்கும் வேகம்கூட, முதியவர் ஒருவரை வீழ்த்தப் போதும். கம்பியைப் பிடித்தபடி பின்பக்கம் பார்த்து இறங்குபவரின் நிலைமை இன்னும் மோசம். உடல் போகும் திசை முதுகுப் பக்கம் என்பதால், அடிபடுவது பின்தலை. ஆகவே பஸ் நிற்கும்வரை படியில் இறங்காதீர்கள். முகம் பஸ் போகும் திசையில் இருக்கட்டும், ஒரு கையாவது வெறுங்கையாக இருக்கட்டும். நடத்துநரின் அவசரம் உங்கள் அவசரம் அல்ல.

வேகத்தின் கணக்கு இதைவிடக் கொடுமையானது. மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் வினாடிக்கு 10 மீற்றர். சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி எடுத்தாலே பஸ் 10 மீற்றர் ஓடிவிடும். வேகம் 72 ஆனால் அந்தத் தூரம் இரண்டு மடங்காகும். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ நான்கு மடங்காகும். காலி வீதியில் இரண்டு தனியார் பஸ்கள் போட்டிக்கு ஓடும்போது இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் வீதி எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். தூரம் இன்னும் நீளும்.

ஓட்டோவில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 10 கிலோ எடையுள்ள குழந்தை, 36 கிலோமீற்றர் வேகம், மோதி நிற்க எடுக்கும் நேரம் வினாடியில் பத்திலொரு பங்கு. அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து வைக்க, ஏறத்தாழ 100 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இயலாது. பிள்ளையை உட்பக்கமாக அணைத்து வைத்திருங்கள்; மெதுவாகப் போகச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மரைன் டிரைவ் பக்கம் தண்டவாளத்தில் மாலை நடை போகிறவர்களுக்கும் இதே விதிதான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லுக்கு உராய்வு குறைவு. உங்களைக் கண்ட பிறகு ரயிலை நிறுத்த, சாரதிக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் தேவைப்படும்.

இனி உரிமைக்கு வருகிறேன். கால் ஊன்றுமுன் பஸ்ஸை எடுத்தால் ஆள் விழுவார் என்பது எந்தச் சாரதிக்கும் தெரியும். முன்கூட்டியே தெரிந்த ஆபத்தைத் தவிர்க்காமல் விடுவதைத்தான் சட்டம் கவனயீனம் என்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். விபத்து நடந்தால் சாரதி நிறுத்தியே ஆக வேண்டும்.

விழுந்தவுடன் எழுந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பஸ் இலக்கத்தைப் படம் எடுங்கள், டிக்கெட்டை வைத்திருங்கள், பார்த்தவர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையாவது கேட்டு வாங்குங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. அரசாங்க ஆஸ்பத்திரியில் பஸ்ஸிலிருந்து விழுந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பதிவுதான் பிறகு சாட்சி. கொழும்புக்குள் ஓடும் தனியார் பஸ்ஸைப் பற்றிய முறைப்பாடு மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்குப் போக வேண்டும். நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வசதி குறைந்தவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பொலிஸ் வாக்குமூலத்தில்தான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். தமிழ் அரச கரும மொழி. கொழும்பிலும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பு நமக்குத் தந்திருக்கிறது. புரியாத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். அம்மாவின் வாக்குமூலம் சிங்களத்தில்தான் எழுதப்பட்டது. தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டோம். ஓர் உத்தியோகத்தர் பொறுமையாக வாசித்தார். "பஸ்ஸில் இருந்து இறங்கும்போது தவறி விழுந்தேன்" என்ற இடத்தில் அம்மா கட்டுப்போட்ட கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "நான் தவறேல்லை. நான் இறங்கி முடியமுன்னம் பஸ்ஸை எடுத்தவை. அப்பிடி எழுதுங்கோ." அந்த வரியை வெட்டி மாற்றி எழுதிய பிறகுதான் கையெழுத்து வைத்தார்.