விரிவுரையும் அடுத்த இருக்கைத் தோழியும்

பள்ளியில் ஆசிரியை கேள்வி கேட்பார், நாம் விழிப்போம், அவர் மீண்டும் விளக்குவார். கல்லூரியில் நிலைமை வேறு. பேராசிரியர் ஒரு மணி நேரம் விரிவுரையாற்ற, நாம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். புரிந்ததா என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

இவ்வழக்கம் மிகப் பழையது. அச்சு இயந்திரம் தோன்றாத காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூல்கள் அரிது. ஆசிரியர் நூலை வாசிக்க, மாணவர் கேட்டு எழுதிக்கொள்வர். 'லெக்சர்' என்னும் சொல்லின் மூலப்பொருளே வாசித்தல்தான். நூல்கள் மலிந்த பின்பும் அம்முறை மறையவில்லை!

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய வேதியியல் விரிவுரைகளுக்குப் பெண்களும் திரளாகச் சென்றனர். அவர்களுள் ஒருவர் ஜேன் மார்செட் அம்மையார். விரைவாகக் காட்டப்பட்ட சோதனைகள் அவருக்குப் பிடிபடவில்லை. பின்னர் நட்பினர் ஒருவருடன் பேசிப் பேசியே தெளிவு பெற்றார். அத்தெளிவை 1806இல் நூலாக்கினார். ஓர் ஆசிரியையும் இரு சிறுமியரும் உரையாடுவதாக அமைந்த நூல் அது. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் பாரடே என்னும் ஏழை இளைஞன் அதைப் படித்து வேதியியலில் மனம் பறிகொடுத்தான். 1812இல் டேவியின் விரிவுரைகள் நான்கைக் கேட்டான். குறிப்புகளை விரிவாகத் திருத்தி எழுதி, தானே கட்டடம் செய்து டேவிக்கு அனுப்பினான். மறு ஆண்டே அவருடைய உதவியாளன் ஆனான். ஆகவே விரிவுரை வீண் என்று நாம் சொல்லவில்லை. கேட்டபின் பாரடே செய்ததைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மாஸூர் என்னும் இயற்பியல் பேராசிரியர் நன்றாகப் போதிப்பவர் என்று பெயரெடுத்தவர். 1990 வாக்கில் விசையைப் பற்றிய எளிய கேள்விகளைத் தம் மாணவரிடம் கொடுத்தார். கடினமான கணக்குகளைப் போட்டவர்களே அவற்றில் தடுமாறினர்! அதன்பின் அவர் முறையை மாற்றினார். பாடத்தின் நடுவே ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனித்தனியே விடை தெரிவிப்பர். பிறகு அடுத்த இருக்கையில் இருப்பவருடன் வாதிட்டு மீண்டும் விடை தருவர்.

2014இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோற்றவர் நூற்றுக்குச் சுமார் 34 பேர். மாணவரும் பங்கேற்ற வகுப்புகளில் 22 பேர்.

நம் கல்லூரிகளில் மாணவியர் அதிகம், பாடத்திட்டம் நீளம். எல்லாப் பேராசிரியரும் மாஸூர் ஆகிவிட முடியாது. ஆனால் அன்று மாலையே, குறிப்பேட்டைப் பாராமல், கேட்ட பாடத்தைத் தோழியிடம் சொல்லிப் பார்க்கலாம். சொல்ல வராமல் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் பேராசிரியரிடம் கேட்கலாம். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: இரு பெண்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தால், அரட்டை என்று உடனே அதட்டிவிடாதீர்கள்!