பழவேற்காட்டில் எந்த மரம் நடுவது?

பழவேற்காடு என்னும் பெயரிலேயே காடு இருக்கிறது. வேலமரங்கள் அடர்ந்திருந்த பழைய காடு என்று அதற்குப் பொருள் சொல்வர். இன்றோ, அவ்வூரையும் அதைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களையும் காணச் செல்வோருக்கு மணலும் உப்புநீருமே முதலில் கண்ணிற்படும். ஆதலின், அங்கே கோவில் வாயிலிலும் பள்ளிக்கூட முற்றத்திலும் சாலையோரத்திலும் நிற்கும் ஒவ்வொரு மரமும் ஊரின் பொதுச் சொத்தாகும். வலையைச் செப்பனிடவும் ஊர்க்காரியம் பேசவும் ஜனங்கள் நாடுவது அந்த நிழலையே. அத்தகைய மரம் பூச்சியினால் அழிந்துபோனால், அலங்காரத்துக்கு வைத்ததுதானே என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இப்படிப்பட்ட நஷ்டம் எவ்வளவு விரைவில் நேரக்கூடும் என்பதற்குக் கல்யாண முருங்கை சாட்சி. முள்முருங்கை என்றும் அதனை வழங்குவர். கடற்கரை நிலத்தில் இயல்பாக வளர்வது. செந்நிறப் பூக்களால் சாலைகளையும் தோட்டங்களையும் அலங்கரிப்பது. மணப்பந்தலில் அதன் கிளையை நட்டு, பின்னர்க் கொல்லையில் ஊன்றி வளர்ப்பது நம்மவர் பலரின் வழக்கம். இரண்டு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத ஒரு குளவி இம்மரத்தின் இளந்தளிர்களில் முட்டையிடுகிறது. புழு உள்ளே வளர வளர, இலையும் காம்பும் முண்டு முண்டாக வீங்கிச் சுருள்கின்றன. தாக்குதல் முற்றினால் மரமே பட்டுப்போகிறது. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் ஆகிய இடங்களிற் கிடைத்த இக்குளவிக்கு 2004-ல்தான் விஞ்ஞானிகள் பெயரிட்டனர். 2005 ஏப்ரலில் அது ஹவாய்த் தீவுகளில் காணப்பட்டது. அதையொட்டிய சில வருஷங்களிலேயே கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பரவிவிட்டது.

இத்தகைய சமயங்களில் எவருக்கும் முதலில் தோன்றும் பரிகாரம் மருந்து தெளிப்பதுதான். மற்ற ஊர்களில் அது எப்படியாயினும், பழவேற்காட்டில் அது பெருங்கேடாக முடியும் என்பதே நமது அபிப்பிராயம். பூச்சியும் இறாலும் நண்டும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. பூச்சியின் நரம்பைத் தாக்கும் விஷம் இறாலின் நரம்பை விட்டுவைக்காது. ஏரியோ ஆழம் குறைந்தது. முகத்துவாரம் மணலால் அடைபடும் காலங்களில், கரையிலிருந்து வழிந்துவரும் விஷத்துக்குக் கடலுக்குச் செல்லும் வழியும் இராது. ஜப்பானிலுள்ள ஷின்ஜி ஏரியும் இதைப் போன்ற உவர்நீர் ஏரியே. அதைச் சூழ்ந்த நெல்வயல்களில் 1993 முதல் ஒரு புதுவகைப் பூச்சிமருந்து வழக்கத்துக்கு வந்தது. மீன்களுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் அந்த வருஷமே குன்றின. சராசரி 240 டன்னாக இருந்த ஒரு சிறுமீனின் வருஷ மகசூல் பின்னர் 22 டன்னாகச் சுருங்கிற்று. 2019-ல் வெளியான ஆராய்ச்சி இவ்விரண்டையும் தொடர்புபடுத்திக் காட்டியிருக்கிறது. கரையில் ஒரு மரத்தைக் காக்கப் போய், ஏரியில் ஆயிரம் குடும்பங்களின் சோற்றில் மண் போடலாமா?

வேறு வழி உண்டு. ஹவாயில் 2008-ல், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த மற்றொரு குளவியை விட்டார்கள். அது முள்முருங்கைக் குளவியின் புழுவைத் தின்பது. அதன்பின் அத்தீவுகளின் சொந்த மரங்கள் மீளத் தொடங்கின. நம் நாட்டிலும், 2008-ல் கோயமுத்தூரில் தலைகாட்டிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றைப் பாழாக்கிய மாவுப்பூச்சியை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிகளே அடக்கின. இது விஞ்ஞானிகளும் சர்க்காரும் சோதித்துச் செய்ய வேண்டிய காரியம்.

ஊரார் செய்யவேண்டியது மறுபடியும் நடுவதே. எதை நடுவது என்பதில்தான் கவனம் தேவை. பட்ட மரத்தையும் வீங்கிய கிளைகளையும் வெட்டி எரித்துவிட வேண்டும். நோய்கண்ட மரத்தின் போத்தைக் கொண்டுபோய் வேறிடத்தில் ஊன்றினால், பூச்சிக்கு நாமே வண்டிச்சத்தம் கொடுத்து அனுப்புவதாகும். ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நடுவதும் கூடாது. 2004 சுனாமிக்குப் பின் நமது கரைநெடுகச் சவுக்கே அதிகமாக நடப்பட்டது. விரைவில் வளரும், விறகாகும் என்பது மெய்யே. ஆனால் ஒரு பூச்சிக்கு ஒரு மரம் இரையாகுமாயின் வரிசை முழுவதும் இரையாகும். பூச்சிகொல்லி என்று நாம் போற்றும் வேம்பையே தேயிலைக் கொசுவும் கருகல் நோயும் வாட்டுகின்றன. தனியாக நம்பத்தக்க மரம் எதுவும் இல்லை. புன்னை, பூவரசு, புங்கு, பனை, வேம்பு என்று கலந்து நட்டால், ஒன்று போனாலும் மற்றவை நிற்கும். இவை உப்புக்காற்றுக்குப் பழகியவை. புன்னை எண்ணெயும் பனையோலையும் கரையோர மக்களுக்குப் புதியனவுமல்ல.

நட்டதைக் காப்பது யார்? 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாகாணத்தின் பசும்பரப்பை 33 சதவிகிதமாக்க நோக்கங்கொண்டது. கன்று கிடைப்பது அரிதன்று. இரண்டு கோடை அதற்கு நீர் ஊற்றுவதுதான் அரிது. இதற்குப் பழவேற்காட்டாருக்கு வெளியார் உபதேசம் வேண்டுவதில்லை. இறால் பிடிக்கும் இடங்களை இன்ன நாள் இன்னாருக்கு என்று முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் ஏற்பாடு அவர்களுடையது. அதில் சச்சரவுகளும் விலக்கப்பட்டோரின் குறைகளும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், பொதுப்பொருளைத் தாமே ஆளும் பழக்கம் அங்கே உயிரோடிருக்கிறது. எந்தக் குடும்பத்தையும் விலக்காமல், மரத்துக்கும் அதுபோல் ஒரு பாடு வைக்கலாகாதா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயமே நடுவதற்கு ஏற்றது. தேசத்தொண்டில் ஈடுபட்ட இளைஞர்கள் கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், குப்பத்துப் பெரியோர்களோடு அமர்ந்து, எந்த மரம், எந்த இடம், எவர் முறை என்று முதலில் எழுதி முடிக்கட்டும். மண்வெட்டியைப் பிறகு எடுக்கலாம்.