முற்றுப்புள்ளி வைக்கத் தெரிந்த மரபணு

சோற்றைத் தவிர வேறெதற்கும் மனிதன் "போதும்" என்று சொல்ல மாட்டான் என்பார்கள் பந்தியில். மனசுக்கு அது பொருந்தலாம், உடம்புக்குப் பொருந்தாது. விரல் ஐந்தோடு நிற்கிறது. மூக்கு தன் அளவில் நிற்கிறது. எலியின் வாலுக்குக்கூட எங்கே முடிய வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

வாலுக்கு அதைச் சொல்லும் குரல்களில் ஒன்று ஹாக்ஸ்பி13 என்ற மரபணு. 2003-இல் மரியோ கபெக்கியின் ஆய்வுக்கூடத்தார் அதைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். பிறந்த எலிகளுக்கு வால் எலும்புகள் மிகையாக வளர்ந்து, வால் தடித்து நீண்டிருந்தது.

ஹாக்ஸ்பி13 சேர்ந்த ஹாக்ஸ் மரபணுக் குடும்பம் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றும். குரோமோசோமில் ஒரு முனையில் இருப்பவை உடம்பின் தலைப்பக்கத்தை வகுக்கின்றன. அடுத்தடுத்தவை மார்பு, வயிறு என்று இறங்குகின்றன. இரும்புச் சரட்டில் கோத்தது போன்ற இந்த ஒழுங்கு மனிதனிடம் மட்டுமல்ல, வாழைப்பழத்தை மொய்க்கும் ஈயிடமும் இருக்கிறது. அந்த ஈயை வைத்து இதைக் கண்டறிந்த எட்வர்டு லூயிஸ் 1995-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் 17-ஆவது குரோமோசோமில் அந்த வரிசையின் கடைக்கோடியில் இருப்பதுதான் ஹாக்ஸ்பி13. ஆண் கருவில் சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் சுரப்பி உருவாக உதவுவது அதுவே. உருவாக்கிய பிறகும் ஓய்வு கிடையாது. அந்த ஆண் கிழவராகும்வரை அந்தச் சுரப்பியிலேயே வேலை பார்க்கிறது.

2012-இல் மிச்சிகன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புராஸ்டேட் புற்றுநோய் பலரைத் தொட்ட குடும்பங்களைத் துருவினார்கள். இந்த மரபணு 284 மணிகள் கோத்த ஒரு புரதத்தைச் செய்கிறது. சிலரிடம் 84-ஆவது மணி மாறியிருந்தது. காரணம், 300 கோடி எழுத்துள்ள நம் மரபணு நூலில் மாறிய ஒரேயோர் எழுத்து! பரிசோதித்த 5,083 நோயாளிகளில் 72 பேரிடம் அது இருந்தது. நோயில்லாத 1,401 பேரில் ஒருவரிடம்தான். பின்லாந்திலும் சுவீடனிலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த எழுத்தைச் சுற்றியுள்ள வாசகமும் பெரும்பாலோரிடம் ஒரே மாதிரி இருப்பதால், என்றோ வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்தது என்று கருதுகிறார்கள்.

இதைவிட என்னை அசைத்தது இதே மரபணுவில் மார்டினிக் தீவில் தெரியவந்த இன்னொரு மாற்றம். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுவது அது. 284 மணியும் கோத்த பிறகு "இத்தோடு நிறுத்து" என்று சொல்ல மூன்று எழுத்து நிற்கும். அதில் ஓர் எழுத்து உதிர்ந்துவிடுகிறது. முற்றுப்புள்ளி காணாமல் போகவே, புரதம் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நீண்டுகொண்டே போகிறது. வாலுக்கு எல்லை சொன்ன மரபணுவுக்கே தன் எல்லை மறந்துவிட்டது போல! அளவு மறந்த வளர்ச்சிதானே புற்றுநோயும்.

தலையெழுத்து என்று யாரும் கலங்க வேண்டாம். (எழுத்து இருப்பதும் தலைப்பக்கத்து மரபணுவில் இல்லை!) மாறிய எழுத்தைச் சுமந்தும் நோயே வராமல் வாழ்ந்து முடிப்பவர்கள் உண்டு. ஆபத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியோ குறைத்தோ வைக்கும் வேறு எழுத்து வேறுபாடுகள் நானூறுக்கும் மேல் அறியப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆணும் அவற்றில் தனக்கென்று ஒரு கலவையோடு பிறக்கிறார்.

அந்தக் கலவையில் பாதி தாயின் கொடை. புராஸ்டேட்டே இல்லாத ஒரு பெண்ணிடம் 84-ஆவது மணியின் அந்த எழுத்து ஆயுள் முழுக்கச் சத்தமின்றி இருக்கும். மகனுக்குப் போய்ச்சேர பாதிக்குப் பாதி வாய்ப்பு. விவரமறிந்த மருத்துவர் அப்பாவையும் சித்தப்பாவையும் விசாரித்ததோடு விடாமல், தாய்மாமனுக்கு என்ன வந்தது, அம்மாவைப் பெற்ற தாத்தா எதில் போனார் என்றும் கேட்பது இதனால்தான்.