ஆட்டுக்கு எவ்வளவு தீனி?



"ஆடுதானே, அதுபாட்டுக்கு மேஞ்சு வயித்தை ரொப்பிக்கிடும்" என்று நம்மில் பலர் சொல்லுவோம். சித்திரை வைகாசியில் காய்ந்த தரிசில் நாள் முழுக்க நடந்த ஆடு உண்மையில் வயிறு நிறைந்து வந்ததா? பட்டியில் அடைக்கும்போது இடது பக்கம் பாருங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே குழி விழுந்திருந்தால் அன்றைய மேய்ச்சல் போதவில்லை.

பசி முதலில் குணத்தில் தெரியும். ஆள் வந்தால் கத்தும், மரப்பட்டையை உரிக்கும். நல்ல நாளில் மோந்து பார்த்து ஒதுக்குகிற அரளித் தழையைக்கூட வறட்சியில் கடித்துவிடும். அரளி கொடிய விஷம். பாலித்தீன் பையும் இப்படித்தான் உள்ளே போகிறது. தொட்டியில் தீனி போட்டாலோ, கொம்புள்ள பெரிய ஆடுகள் முட்டித் தள்ளிவிட்டுத் தின்னும். கணக்காகத்தான் போட்டேன் என்பீர்கள். ஒதுங்கி நிற்கும் இளம் பெட்டைக்கு அந்தக் கணக்கு போய்ச் சேராது. ஆட்டுக்கு ஓரடிக்குக் குறையாமல் தொட்டியில் இடம் வேண்டும்.

கத்துகிற ஆட்டைவிட, கத்தாமல் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிற ஆட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதன் முதுகைத் தடவிப் பாருங்கள். தண்டெலும்பு கூராகக் கையில் குத்தினால், பல நாள் பட்டினி என்று அர்த்தம்.

25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 முதல் 4 கிலோ பசுந்தழை வேண்டும். அகத்தி, வேலிமசால், சூபாபுல் எல்லாம் கலந்து போடலாம். சூபாபுல் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

சினை ஆட்டின் கதை வேறு. ஐந்து மாதச் சினையில் கடைசி ஒன்றரை மாதத்தில்தான் குட்டி மளமளவென்று வளர்கிறது. இரட்டைக் குட்டியானால் வயிற்றில் தீனிக்கு இடமே குறைந்துவிடும். அதனால் தழையோடு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஆடு தன் உடம்புக் கொழுப்பையே கரைத்து, அந்தக் கழிவு ரத்தத்தில் தேங்கி, மந்தையை விட்டு ஒதுங்கிப் படுத்துவிடும். முன்கூட்டியே தீனி போட்டுக் கொழுக்க வைத்த ஆட்டுக்கும் இதே நோய் வரும்!

இனி, அதிகத் தீனி. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைப் பாசத்தோடு ஆட்டுக்குக் கொட்டுகிறோம். பட்டினியைவிட வேகமாகக் கொல்வது இதுதான். சோறும் கம்பும் முதல் வயிற்றில் சட்டென்று புளித்து அமிலமாகின்றன. தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் சாகின்றன. அசைபோடுவது நிற்கும், வயிறு உப்பும், பல்லை நறநறவென்று கடிக்கும், புளித்த நாற்றத்தோடு கழியும். ஒன்றிரண்டு நாளில் ஆடு போய்விடும். உடனே தானியத்தை நிறுத்தி வைக்கோல் மட்டும் போடுங்கள். 20 கிலோ ஆட்டுக்கு 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் மெல்லப் புகட்டிவிட்டு, கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

தானியம் கொடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. ஒரு கைப்பிடியில் தொடங்கி இரண்டு வாரத்தில் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும்.

முதல் மழைக்குத் தளதளவென்று முளைக்கும் புல்லும் இந்த வகைதான். பசித்த ஆடு அதை அள்ளித் தின்றால் துள்ளுமாரி வந்து துள்ளி விழுந்து சாகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள். முதல் சில நாட்கள், காலையில் கொஞ்சம் உலர்ந்த தட்டை போட்டு, அதைத் தின்ற பிறகு மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள்.