பூட்டிய அறையில் ஒரு மணி நேரம்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஒரே முறையில்தான் கழியும். காலையில் இராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயில். மாலையில் சங்கத்துக் கலைநிகழ்ச்சி. இரண்டும் இல்லையேல், ஊரிலுள்ள பெற்றோருடன் தொலைபேசியில் நெடும் பேச்சு. சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மட்டும் எங்களுக்கு வேறு விதமாகக் கழிந்தது. பணம் கொடுத்து ஓர் இருட்டறைக்குள் பூட்டப்பட்டு, பொய்ப் பேய்க்கு அஞ்சி, அறுபது நிமிடத்திற்குள் வெளியேற முயன்று, தோற்றுத் திரும்பினோம். அத்தோல்வியைப் பற்றி எழுத எங்களுக்கு வெட்கமில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இவ்விளையாட்டுக்குச் செல்ல எண்ணும் அன்பர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று அதில் இருப்பதாலேயே எழுதத் துணிந்தோம்.

‘எஸ்கேப் ரூம்’ என்று இளைஞர்கள் வழங்கும் இவ்விளையாட்டு மிகப் பழையதன்று. பூட்டிய அறையிலிருந்து தப்புவதுபோல் அமைந்த கணினி விளையாட்டுகள் முன்பே இருந்தன. அவற்றை உண்மையான அறையில், உண்மையான மனிதரைக் கொண்டு ஆடச் செய்தவர் ஜப்பானியரான டகாவோ கட்டோ என்பவர். 2007-ஆம் ஆண்டில் கியோட்டோ நகரில் அவர் இதனைத் தொடங்கினார். 2011-இல் ஹங்கேரி நாட்டுத் தலைநகரான புடாபெஸ்டில் இத்தகைய அறை ஒன்று தோன்றியது. பின்னர் உலகெங்கும் பரவி, இந்தியப் பெருநகரங்களின் வணிக வளாகங்களுக்கும் வந்து சேர்ந்தது.

விளையாட்டின் முறை எளிது. நால்வர் அல்லது அறுவர் ஓர் அறைக்குள் செல்வர். கதவு அடைபடும். அறையிலுள்ள படம், கடிகாரம், பெட்டி, புத்தகம் ஆகியவற்றுள் குறிப்புகள் மறைந்திருக்கும். ஒரு குறிப்பு ஒரு பூட்டைத் திறக்கும். அப்பூட்டுக்குள் அடுத்த குறிப்பு இருக்கும். நடத்துநர் வெளியே அமர்ந்து ஒளிப்படக் கருவியின் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். திகைத்து நிற்பவர்க்கு ஒலிபெருக்கியில் துப்புக் கொடுப்பார். சில அறைகள் துப்பறியும் கதையாக அமையும். சில புதையல் வேட்டையாக அமையும். நாங்கள் சென்றதோ பேய் அறை.

நாங்கள் அறுவர். மயூர் விஹாரில் அடுத்தடுத்த அடுக்ககங்களில் குடியிருப்பவர்கள். இரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலி அண்ணாச்சி எங்களில் மூத்தவர். தணிக்கைத் துறையில் பணிபுரியும் மதுரை நண்பரும், கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் வந்தனர். சேலத்துச் சகோதரி ஒருவரும் அவர் கணவரும் உடன் வந்தனர். ஆறாமவர் இதனை எழுதுபவர். இத்திட்டமே அம்மாணவியினுடையது. “எப்பொழுது பார்த்தாலும் கோயிலும் கூட்டமும்தானா?” என்று அவள் கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. மெட்ரோ இரயிலில் ஏறி, இராஜீவ் சௌக்கில் மாறி, குருகிராமம் சென்று சேர்ந்தோம்.

வளாகத்தின் மூன்றாம் மாடியில் அந்த இடம் இருந்தது. கைத்தொலைபேசிகளை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பாழடைந்த ஒரு பழைய ஹவேலியின் கதையை நடத்துநர் இந்தியில் நடுக்கத்தோடு கூறி முடித்தார். அப்பொழுது அண்ணாச்சி குறுக்கிட்டு, “பையா, கதை நன்றாக இருக்கிறது. உள்ளே யாருக்காவது முடியாமல் போனால் எந்த வழியாக வெளியே வருவது?” என்று கேட்டார். கதையின் சூடு ஆறிவிட்டது. கதவருகே ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் திறக்கும் என்று அவர் விடை கூறினார். மாணவிக்குச் சிறிது நாணம். “தாத்தா, இப்படிக் கேட்டால் விளையாட்டே போய்விடும்” என்று முணுமுணுத்தாள். “வழி கேட்டா விளையாட்டு எங்கம்மா போகும்? அது அங்கனதான் இருக்கும்” என்றார் அண்ணாச்சி. நாங்கள் சிரித்தோம்.

உள்ளே மங்கிய ஒளி. ஊதுவத்தியும் ஈரமண்ணும் கலந்தாற்போன்ற ஒரு மணம். எங்கிருந்தோ ஒரு குழந்தையின் அழுகுரல். முதல் சில நிமிடங்கள் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. பின்னர்ப் பூட்டுகள் எங்களை இழுத்துக்கொண்டன. சுவர்க்கடிகாரம் நின்றிருந்த நேரமே மூன்று எண் பூட்டுக்குத் திறவு என்பதை மாணவி கண்டாள். கணக்குப் புத்தகம் ஒன்றில் ஒரே ஒரு கூட்டல் தவறாக இருந்தது. தணிக்கைத் துறை நண்பர் அதனை அரை நிமிடத்தில் பிடித்துவிட்டார். பிழையான தொகையே அடுத்த பூட்டின் எண்! சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று கைவிளக்குகள் கிடந்தன. ‘நில், எச்சரிக்கை, செல்’ என்று அண்ணாச்சி அவற்றை வரிசைப்படுத்தியதும் ஓர் அலமாரி தானே திறந்தது. மரப்பாவை ஒன்றைத் தொட்டிலில் இட்டால் திறக்கும் பெட்டியும் இருந்தது. பாவையின் வயிற்றில் காந்தம் உண்டு என்பதைச் சேலத்து நண்பர் கண்டுபிடித்தார்.

ஆறு ஆண்டுகளாகப் பண்டிகைக்குப் பலகாரம் பரிமாறிக்கொள்ளும் நாங்கள், ஒருவர் அறிவை ஒருவர் இவ்வளவு அருகிலிருந்து கண்டதில்லை. அவரவர் தொழிலில் ஊறிய சிறு பழக்கம், அந்த இருட்டில் அனைவர்க்கும் உதவியது. இதற்காகவே இவ்விளையாட்டை ஒரு முறையேனும் ஆடலாம்.

நாற்பத்தெட்டாம் நிமிடத்தில் விளக்குகள் முற்றும் அணைந்தன. சங்கிலி ஓசை கேட்டது. அலமாரியின் பின்புறம் திறக்க, வெண்ணிற ஆடையும் கோர முகமுமாக ஓர் உருவம் வெளிப்பட்டது. அலறினோம்; உடனே சிரித்தோம்; மீண்டும் அலறினோம். நெஞ்சு படபடத்தது, அந்தப் படபடப்பும் இனித்தது.

அச்சம் எவ்வாறு இனிக்கும் என்று அன்பர்கள் வினவலாம். எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தை ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவன் ஆகிய நான்கினின்று அது பிறக்கும் என வகுத்தார். இந்நாளைய அறிவியலாரும் இதனை ஆராய்கின்றனர். டென்மார்க்கிலுள்ள ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர், அந்நாட்டுப் பேய் மாளிகை ஒன்றில் 110 பேரின் அனுபவத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் அளந்து, 2020-இல் முடிவை வெளியிட்டனர். அச்சம் மிகக் குறைந்தாலும் இன்பமில்லை. மிக மிகுந்தாலும் இன்பமில்லை. இடைநிலையில்தான் இன்பம் உச்சத்தை எட்டுகிறது என்று கண்டனர். அந்த இடைநிலை எல்லார்க்கும் ஒன்றன்று என்பதை அன்று நாங்களே கண்டோம்.

எங்கள் கூச்சலில் சேலத்துச் சகோதரியின் குரல் கலந்திருக்கவில்லை. அவர் ஒரு மூலையில் அமர்ந்துவிட்டார். “எனக்குப் போதும்” என்று ஒரு முறை மெல்லச் சொன்னார். நாங்கள் அதனை விளையாட்டாகவே கொண்டோம். எஞ்சியிருந்தது ஒரே பூட்டு. “இன்னும் பத்து நிமிடம்தான் அக்கா, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கூறிய குரல் எம்முடையது. அவர் கணவரும் எண்களைச் சுழற்றுவதிலேயே முனைந்திருந்தார்.

அண்ணாச்சி ஒருவரே அவரருகில் சென்று கையைத் தொட்டுப் பார்த்தார். “சத்தம் போடுறவங்களப் பத்திக் கவலையில்ல. சத்தம் போடாதவங்கள மொதல்ல பாருங்க. கை ஐஸா இருக்கு” என்று உரக்கக் கூறினார். அதன்பிறகே எங்களுக்குத் தெளிவு வந்தது.

பொத்தானைத் தேடினோம். கதவருகே காணோம். இருட்டுக்குத் தடையாக இருக்கும் என்று எவரோ அதன்மேல் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தனர். துணியை விலக்கி அழுத்துவதற்குள் ஒரு நிமிடம் கழிந்திருக்கும். அந்த ஒரு நிமிடம் விளையாட்டன்று.

கதவு திறந்தது, விளக்குகள் எரிந்தன. பேயாக நின்றவர் முகமூடியைக் கழற்றினார். இருபது வயது மதிக்கத்தக்க பிள்ளை. தர்பங்காவிலிருந்து பிழைப்புக்கு வந்தவராம். “தீதி, பயப்படாதீர்கள், நான்தான்” என்று இந்தியில் கூறி, ஓடிச் சென்று தண்ணீர் கொண்டுவந்தார். நாள் முழுதும் பிறரை அச்சுறுத்தும் அவர், அன்று தாமே அஞ்சி நின்ற காட்சி எங்கள் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

சிறிது நேரத்தில் சகோதரி தெளிந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அலுவலக மின்தூக்கியில், மின்சாரம் நின்றுபோன வேளையில், அரைமணி நேரம் தனியே அகப்பட்டிருந்தாராம். “நீங்கள் எல்லாரும் ஆசையாகக் கிளம்பினீர்கள். நான் வேண்டாமென்று சொல்லி எப்படிக் கெடுப்பது?” என்றார். சொந்த ஊர் என்றால் அத்தையோ சித்தியோ அவர் முகம் பார்த்தே அறிந்திருப்பர். இங்கு ஒருவர்க்கொருவர் அத்தையும் சித்தியுமாக இருக்க வேண்டிய நாங்கள், ஒரு பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிர்வாகத்தினர் வருந்தி, கட்டணமின்றி மறுமுறை ஆடலாம் என்றனர். அதற்குப் பதிலாக அத்துணியை எங்கள் கண்முன்னே அகற்றும்படி கேட்டோம், அகற்றினர்.

இதனை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. போலந்து நாட்டின் கோஷாலின் நகரில், 2019 ஜனவரி 4-ஆம் நாள், பிறந்தநாள் கொண்டாடச் சென்ற பதினைந்து வயதுச் சிறுமியர் ஐவர், இத்தகைய ஓர் அறையில் அகப்பட்டு மாண்டனர். வெளியே தீப்பற்றியது, உள்ளிருந்து வெளியேற அவர்களுக்கு வழியில்லை, நச்சுப்புகை உயிரைக் கொண்டது. அதன்பின் நாடெங்கும் இவ்வறைகள் சோதனையிடப்பட்டன. இந்நகரத்தார் அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. 1997 ஜூன் 13-ஆம் நாள், தில்லி உப்கார் திரையரங்கில், அடைபட்ட வழிகளால் 59 பேர் மூச்சுத்திணறி மாண்டதை நம்மில் மூத்தோர் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. பிள்ளைகள் இவ்விளையாட்டுக்கு அழைத்தால் மறுக்க வேண்டுவதில்லை, உடன் செல்லுங்கள். நுழையும் முன் அவசரப் பொத்தானைக் கண்ணால் கண்டு, கையால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பல இடங்களில் கதவைப் பிடித்திருப்பது மின்காந்தப் பூட்டு. மின்சாரம் பாயும்வரைதான் அதற்கு வலிமை. நின்றால் தானே விட்டுவிடும். அங்குள்ளது அவ்வகைதானா என்று கேளுங்கள். வேறு வகையெனில், மின்சாரம் நின்றால் யார் திறப்பார் என்று கேளுங்கள். தீயணைப்பு வழி எது, வெளியே கண்காணிப்பவர் இடையில் எழுந்து செல்வாரா என்றும் கேளுங்கள். இருதய நோயினரும், அடைபட்ட இடத்தில் துன்பப்பட்டவரும் பேய் அறையைத் தவிர்ப்பது நலம். எல்லாவற்றினும் மேலாக, உங்களுக்குள் ஒரு சொல்லை முன்னரே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அச்சொல்லை எவர் கூறினாலும் விளையாட்டு அக்கணமே முடிந்தது. ஒருவரும் காரணம் கேட்கலாகாது.

அடுத்த திங்களில் மீண்டும் செல்ல இருக்கின்றோம். இம்முறை பேய் இல்லை, புதையல் அறை. இடத்தைத் தேர்ந்தவர் சேலத்துச் சகோதரியே. அவ்விடத்திற்குத் தொலைபேசியில் பேசிப் பதிவு செய்தவள் மாணவி. அவள் முதலில் கேட்டது கட்டணத்தையன்று. வெளியேறும் வழி எங்கே என்றுதான். அருகிலிருந்த அண்ணாச்சி ஒன்றும் கூறாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.