துளசிக்கு நல்ல தண்ணீர்

செஞ்சிக்குப் போகிறவர்கள் பொதுவாக ராஜா தேசிங்கைப் பார்க்கப் போவார்கள். நான் போனது என் பெரியம்மாவைப் பார்க்க. ஆனால் அவளோ என்னைத் தன் துளசியைப் பார்க்கும்படி கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்றாள்.

அந்தக் காட்சி மனத்தை வருத்தியது. துளசியின் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. பக்கத்துத் தொட்டியில் மல்லிகை, மொட்டு வைக்க மனமில்லாததுபோல் வெளுத்து நின்றது. கறிவேப்பிலைக் கன்றின் கதியும் அதுவே. மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம் படிந்திருந்தது.

"நாள் தவறாமல் நான் தண்ணீர் விடுகிறேனப்பா. விட விடத்தான் வாடுகிறது. பெரியப்பா இருந்த காலத்தில் அவர் கையால் வைத்த துளசி இது" என்றாள் பெரியம்மா. அவள் குரல் கம்மியது.

தண்ணீர் விடாததால் செடி வாடுவது உலக வழக்கம். தண்ணீர் விடுவதாலேயே வாடுவது எப்படி? விஷயம் இதுதான். அந்த வீட்டுக் கிணறு தூர்ந்துபோய்ப் பல வருஷங்களாகின்றன. இப்போது ஆழ்துளைக் கிணறுதான். செஞ்சி கருங்கற் பாறை நாடு. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிய ஜலம் அங்குள்ள உப்புக்களைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. தொட்டியில் ஊற்றியதும் தண்ணீர் ஆவியாகிப் போகிறது; உப்பு மட்டும் போவதில்லை. நாளுக்கு நாள் அது மண்ணில் சேர்ந்து, வேர் நீரை உறிஞ்ச முடியாதபடி தடுக்கிறது. செடி தண்ணீரின் நடுவே தாகத்தால் வாடுகிறது.

துளசிக்கென்று பெரியம்மா கடையில் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்திருந்தாள். பென்ஷன் பணத்தில் அது கட்டுமா? அவள் மகனோ, வீட்டுக்கே பெரிய சுத்திகரிப்பு யந்திரம் வைத்துவிடலாம் என்றான். அதன் விலையைக் கேட்டதும் பெரியம்மா, "அந்தப் பணத்துக்கு ஒரு பசுமாடே வாங்கலாமே!" என்று வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைக் காலையில் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து யோசிப்போம்" என்றேன்.

கோட்டையில் இதற்கு என்ன யோசனை கிடைக்கும் என்று நேயர்கள் கேட்கலாம். மறுநாள் ராஜகிரியின் அடிவாரத்தில் நின்றபோது எனக்கு விடை கிடைத்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து எழுந்தது இந்தக் கோட்டை. ராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், 1677-இல் சிவாஜி மகாராஜா, பிறகு மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனையோ பேர் கைமாறியது. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றபோது, அவற்றுள் தமிழ்நாட்டில் இருந்தது செஞ்சி ஒன்றுதான்.

ஆனால் என் கண்ணில் பட்டது மதில் அல்ல, குளங்கள். செட்டிக்குளம், சக்கரக்குளம், கல்யாண மகாலுக்கு அருகே ஆனைக்குளம். தேசிங்கு 1714-இல் போரில் மாண்டபின் அவன் உடலுக்கு எரியூட்டியது செட்டிக்குளக் கரையில்தான் என்று ஊரார் சொல்வார்கள். கல்யாண மகாலின் மேல்மாடிகளுக்குச் சுட்ட மண் குழாய்களின் வழியே ஜலம் ஏற்றினார்கள். மலையுச்சியிலும் சுனைநீர் உண்டு. மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே தண்ணீர் இல்லையென்றால் எட்டு வருஷம் தாங்கியிருக்க முடியுமா? எட்டு மாதமே சந்தேகந்தான்!

அந்தக் குளங்களின் தத்துவம் மிக எளியது. வானத்திலிருந்து விழும் ஜலம் பாறையில் வழிந்து ஓடுமுன் அதைப் பிடித்து வை. அவ்வளவே. மழைநீரில் உப்பு மிகக் குறைவு. பூமிக்குள் புகுந்த பிறகே அது உப்பைச் சேர்த்துக்கொள்கிறது. ராஜாக்களுக்குப் பாறை இருந்தது. பெரியம்மாவுக்கு மொட்டைமாடி இருக்கிறது.

வீடு திரும்பியதும் முதலில் ஜலத்தைச் சோதித்தோம். சோப்பைக் குழைத்தால் நுரை வரவில்லை. தண்ணீர் கடினமானது என்பதற்கு அது அறிகுறி. காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குத் தட்டியது. பிறகு மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, நிரப்பி எடுத்துக்கொண்டு போனான் தம்பி. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில், சொற்பக் கட்டணத்துக்குப் பாசன நீரையும் சோதித்துக் கொடுக்கிறார்கள். மின்கடத்தும் திறன் என்று ஓர் எண் போடுவார்கள். அது 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை, 2.25-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. பெரியம்மா வீட்டுத் தண்ணீர் அந்த மேல் எல்லையை ஒட்டி நின்றது.

அடுத்தது மழைக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் ஜலம். பத்தடிக்கு இருபதடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 186 லிட்டர். சிந்தியது சிதறியது போக 150 லிட்டராவது தேறும். பத்துத் தொட்டிகளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்றால், ஒரே மழை பதினைந்து நாளைக்குப் போதும்! தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருப்பதால் மாடிக் குழாய் முன்பே இருந்தது. அதன் வாயில் 200 லிட்டர் பழைய டிரம் இரண்டை வைத்தோம். ரசாயனம் வைத்திருந்த டிரம் கூடாது. உணவுப் பண்டம் வைத்திருந்ததாகக் கேட்டு வாங்க வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைத் துணியால் வடிகட்டிப் பிடிக்க வேண்டும். வாயை நெருக்கமான துணியால் இறுகக் கட்டாவிட்டால் செடிக்கு நல்லது செய்யப்போய்க் கொசுவுக்கு மாளிகை கட்டியதாகும்.

இரண்டு டிரம்மும் கோடை முழுவதும் காணாது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மழைநீரும் கிணற்று நீரும் பாதிக்குப் பாதி கலந்தால், மார்கழிக் கடைசியில் நிறைந்த 400 லிட்டர் பங்குனி வரை வரும். அதன்பின் கைகொடுக்கச் சில உபாயங்கள் உண்டு. அரிசி கழுவிய தண்ணீர் நல்லது. குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கும் வீடுகளில் அதிலிருந்து சொட்டும் ஜலத்தில் உப்பே கிடையாது. பேரூராட்சிக் குழாய் நீரில் குளோரின் வாடை வந்தால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் போய்விடும். ஆனால் உப்பு அப்படிப் போகாது. சுத்திகரிப்பு யந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரைச் செடிக்கு விடவே கூடாது; உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. தண்ணீரை மென்மையாக்கும் யந்திரங்களிலும் எச்சரிக்கை தேவை: அவற்றுள் பல சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பவை. சோப்புக்கு அது நல்லது, செடிக்குக் கெடுதல்.

முன்பே மண்ணில் சேர்ந்த உப்பை என்ன செய்வது? மேலே படிந்த வெள்ளை மண்ணைச் சுரண்டி எறிந்தோம். தொட்டியின் அடித்துவாரம் வேரால் அடைபட்டிருந்தது. அதைக் குத்தித் திறந்தோம். பிறகு மழைநீரை மெதுவாக, அடியில் வழிந்தோடும் வரை நிறைய ஊற்றினோம். உள்ளிருந்த உப்பு கரைந்து வெளியேற வேறு வழி இல்லை. மேலே காய்ந்த இலைச் சருகைப் பரப்பினோம், ஈரம் நின்றது.

இத்தனைக்கும் ஆன செலவு இரண்டு டிரம்மின் விலையும் பரிசோதனைக் கட்டணமுந்தான். கேன் வாங்குவது நின்றது. யந்திரப் பேச்சும் அடங்கியது.

இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மாவிடமிருந்து டெலிபோன் வந்தது. கறிவேப்பிலைக் கன்று பிழைக்கவில்லையாம். மல்லிகை நாலு மொட்டு வைத்திருக்கிறதாம். துளசியை நான் கேட்கத் தயங்கினேன்.

"பழைய இலையெல்லாம் உதிர்ந்துபோச்சப்பா" என்றாள். எனக்குத் திக்கென்றது. "கணுவுக்குக் கணு புதுத் தளிர் விட்டிருக்கிறது. இன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு பெருமாளுக்குக் கிள்ளி வைத்தேன். நேற்று ராத்திரி இங்கே நல்ல மழை. இரண்டு டிரம்மும் நிரம்பி வழிந்தது. மூன்றாவது ஒன்று வாங்கலாமா என்று பார்க்கிறேன்."