அகலமான குழாய்தான் நல்ல குழாயா?

உங்கள் இரைப்பைக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரப்பது அதன் வேலைகளுள் ஒன்று. பித்தப்பைக் கல், மதுப்பழக்கம் போன்றவற்றால் கணையம் அழற்சி அடையும்போது, அந்த நொதிகள் கணையத்தையே தின்னத் தொடங்கிவிடும். கசியும் திரவம் பக்கத்தில் தேங்கும். ஏறக்குறைய 4 வாரங்களில் அதைச் சுற்றி ஒரு சுவர் வளரும். பல தேக்கங்கள் தாமாகவே வற்றிவிடுகின்றன. வலி, வாந்தி, கிருமித்தொற்று என்று தொல்லை கொடுப்பவற்றை வடித்தாக வேண்டும்.

முன்பு இதற்குப் பெரும்பாலும் வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது வாய்வழியாக எண்டோஸ்கோப்பை இறக்குகிறார்கள். அதன் நுனியில் உள்ள அல்ட்ராசவுண்ட் கருவி இரைப்பைச் சுவருக்கு அப்பால் இருப்பதைக் காட்டும். அங்கே துளையிட்டு, ஸ்டென்ட் எனப்படும் சிறு குழாயை வைத்தால், திரவம் இரைப்பைக்குள் வடிந்துவிடும்.

எந்த ஸ்டென்டை வைப்பது? பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் 3 மி.மீ. குறுக்களவுதான். நழுவாமல் இருக்க அதன் இரு முனைகளும் பன்றிவால்போல் சுருண்டிருக்கும். உலோக ஸ்டென்ட், நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் கம்பிவலை. டம்பெல் வடிவில் இருப்பதால், இரைப்பைச் சுவரையும் தேக்கத்தின் சுவரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குறுக்களவு 15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணிதப் பாடத்தை நினைத்துப் பாருங்கள்: குறுக்களவு 5 மடங்கு என்றால் திறப்பின் பரப்பு 25 மடங்கு!

உலோகமே வெல்லும் என்றுதானே தோன்றுகிறது? அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் 60 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. குணமாகத் தேவைப்பட்ட சிகிச்சைகளின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், உலோக ஸ்டென்ட் பெற்ற 31 பேரில் 10 பேருக்கு அந்த ஸ்டென்டாலேயே சிக்கல் வந்தது. பிளாஸ்டிக் பெற்ற 29 பேரில் இருவருக்கு மட்டுமே.

காரணம் சுவாரஸ்யமானது. திரவம் வடிய வடியத் தேக்கம் பலூன்போல் சுருங்கி, அதன் பின்சுவர் முன்னால் வருகிறது. வளையும் பிளாஸ்டிக் அதோடு சேர்ந்து அசைந்து இரைப்பைப் பக்கம் நகரும். விறைப்பான உலோகமோ நின்ற இடத்திலேயே நிற்கும். அதன் விளிம்பு அருகிலுள்ள இரத்தக் குழாய்களில் உரசினால் பெரும் இரத்தக்கசிவு ஏற்படலாம். ஸ்டென்டைச் சதை மூடிவிடுவதும் உண்டு.

சிக்கல்களில் பெரும்பாலானவை 3 வாரங்களுக்குப் பின்னரே வந்தன. ஆகவே ஆய்வின் நடுவிலேயே விதியை மாற்றினார்கள்: 3 வாரத்தில் சிடி ஸ்கேன், தேக்கம் வற்றியிருந்தால் உலோகத்தை உடனே எடுத்துவிட வேண்டும். அதன்பின் இரு வகைகளுக்கும் இடையே சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியென்றால் உலோகம் எதற்கு? சில தேக்கங்களில் திரவத்தோடு இறந்த திசுக்களும் கட்டிகட்டியாகக் கிடக்கும். 3 மி.மீ. குழாயில் அவை எப்படி வெளியேறும்? அகலமான ஸ்டென்ட் என்றால் எண்டோஸ்கோப்பே அதன் வழியாக உள்ளே நுழைந்து அவற்றை அள்ளி எடுக்கலாம். வெறும் திரவம் என்றால், விலை குறைந்த பிளாஸ்டிக்கே பெரும்பாலும் போதும்.